நடுச்சாமத்துக்கான முடிவுகளை நண்பகலில் எடுங்கள்

சனிக்கிழமை நண்பகல் 12 மணிக்குத் தொடங்கி ஞாயிறு நண்பகல் 12 மணிக்கு முடிகிற பந்தயம் இது. போட்ட பாதை கிடையாது, அம்புக்குறி கிடையாது, கைபேசியைப் பார்த்து வழி அறியவும் அனுமதி இல்லை. தாளில் அச்சிட்ட ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி, கூட வரும் சிலர், இவ்வளவுதான் துணை. யூகலிப்டஸ் காடுகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆரஞ்சும் வெள்ளையுமான துணிக் குறிகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். எந்த வரிசையில் வேண்டுமானாலும் போகலாம், எதை வேண்டுமானாலும் விடலாம். தொட்ட ஒவ்வொரு குறிக்கும் அதன் தொலைவையும் கடினத்தையும் பொறுத்துப் புள்ளிகள். 24 மணி நேரத்தில் அதிகப் புள்ளி சேர்த்த அணி வெல்லும்.

இதற்கு ரோகெய்ன் என்று பெயர். மெல்பர்ன் பல்கலைக்கழக மலையேற்றக் கழகம் 1947 முதல் நடத்திவந்த 24 மணி நேர நடைப் போட்டியிலிருந்து வளர்ந்த விளையாட்டு. 1976இல் இதற்கென விக்டோரியா மாநிலத்தில் ஒரு சங்கம் உருவானது. 1992இல் முதல் உலகப் போட்டியும் அதே மாநிலத்தின் பீச்வொர்த்தில் நடந்தது. இதோடு சைக்கிளையும் துடுப்புப் படகையும் கயிற்றேற்றத்தையும் சேர்த்தால் அது சாகசப் பந்தயம். 2019இல் ஃபிஜித் தீவுகளில் நடந்த ஈக்கோ சேலஞ்ச் பந்தயத்தில் இரட்டைச் சகோதரிகள் தாஷி, நுங்ஷி மாலிக் இருந்த இந்திய அணியைத் திரையில் பார்த்தவர்கள் இருப்பீர்கள். அது நாள்கணக்கில் நீள்வது, ரோகெய்ன் ஒரே இரவு. ஆனாலும் ஓர் அணி காட்டில் உறக்கமில்லாமல் ஓர் இரவைக் கடப்பதற்கு என்ன தேவை என்ற கேள்வி இரண்டுக்கும் பொது.

மெல்பர்னில் வாழும் தமிழர்கள் நால்வர் சேர்ந்து பல ஆண்டுகளாக இந்தப் பந்தயத்தில் கலந்துகொள்கிறோம். மூத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் எல்லோருக்கும் அவர் 'அண்ணை'. மதுரையிலிருந்து வந்த அக்கா ஒருவர், இங்கேயே பிறந்து வளர்ந்த தம்பி ஒருவன், நான். உடல் வலிமை, வேகம், விலை உயர்ந்த காலணி எல்லாமே உதவும். ஆனால் எங்கள் இரவுகள் நன்றாக அமைந்ததற்குக் காரணம் வேறு என்று உறுதியாக நம்புகிறேன்: இரவில் எடுக்க வேண்டிய முடிவுகளில் பெரும்பாலானவற்றை வெளிச்சத்திலேயே, தெளிவான தலையோடு, நால்வரும் உட்கார்ந்து எடுத்துவிடுகிறோம். கீழே நான் சொல்லும் எல்லாமே இந்த ஒன்றின் கிளைகள்தான்.

உறங்காத மூளையை நம்பாதீர்கள்

ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு ஒன்று 1997இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்களின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு ஆல்கஹால் இருப்பவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. 24 மணி நேரம் ஆனபோது ஏறத்தாழ 0.10 விழுக்காட்டுக்குச் சமமாகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் கார் ஓட்டுவதற்கான சட்ட எல்லையே 0.05தான்.

இதைப் பந்தயக் கடிகாரத்தோடு பொருத்திப் பாருங்கள். சனிக்கிழமை காலை 6 மணிக்கு எழுந்தவர் இரவு 11 மணிக்கு 17 மணி நேரத்தைத் தொட்டுவிடுகிறார். ஞாயிறு காலை 6 மணிக்கு 24 மணி நேரம். அதன் பிறகும் பந்தயத்தில் 6 மணி நேரம் மிச்சம் இருக்கிறது. அதாவது, பந்தயத்தின் பின்பாதி முழுவதையும் காரின் சாவியை ஒப்படைக்க முடியாத நிலையில் இருக்கும் நால்வர் நடத்துகிறார்கள். அந்த நிலையில் இருப்பவர்களிடம் கடினமான கேள்வி எதையும் கேட்கக் கூடாது. பகலில் எழுதிவைத்த பதிலை எடுத்துப் படிக்கும் வேலையை மட்டுமே அவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

இதனால் முதல் தயாரிப்பு வெள்ளிக்கிழமை இரவிலேயே தொடங்குகிறது. அன்று இரவும் அதற்கு முந்தைய இரவும் நன்றாகத் தூங்குங்கள். பையை வியாழக்கிழமையே கட்டிவிட்டால் வெள்ளி இரவு படுக்கைக்கு மிஞ்சும்.

எதற்காக வருகிறோம்

விதிப்படி அணியில் 2 முதல் 5 பேர் வரை இருக்கலாம். நான்கு பேர் என்பது என் விருப்பம். காரணம் பாதுகாப்பு. ஒருவருக்குக் கால் பிசகினால் ஒருவர் அவருடன் இருக்க, இருவர் சேர்ந்து உதவி தேடிப் போகலாம். இருட்டில் யாரும் தனியாக நடக்க வேண்டியதில்லை.

ஆளைச் சேர்க்கும்போது எவ்வளவு வேகமாக நடப்பீர்கள் என்று கேட்பதற்கு முன் எதற்காக வருகிறீர்கள் என்று கேளுங்கள். ஒருவர் பரிசு பெற வருவார். ஒருவர் 24 மணி நேரமும் நின்று முடிக்க வேண்டும் என்று வருவார். இன்னொருவர் நட்சத்திரம் பார்த்து நடந்துவிட்டு, இரவில் முகாமுக்குத் திரும்பி நான்கு மணி நேரம் தூங்கி, விடியலில் மறுபடி கிளம்ப நினைப்பார். மூன்றும் நியாயமான ஆசைகளே, விதிகளும் மூன்றுக்கும் இடம் தருகின்றன. ஆனால் மூவரும் ஒரே அணியில் இருந்து, அது இரவு ஒரு மணிக்குத்தான் தெரியவந்தால் நட்பே கசந்துபோகும். ஒரு மாதத்துக்கு முன்பே பேசித் தீர்த்துவிடுங்கள்.

வயதை ஒரு குறையாக எண்ண வேண்டாம். 40, 55, 65 வயதைக் கடந்தோருக்குத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. அறுபதைத் தாண்டியவர்கள் இளைஞர் அணிகளை முந்திப் போவதைக் காட்டில் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்கள் ஓடுவதில்லை, நிற்பதும் இல்லை. ஒரே சீரான நடை, குறைந்த பேச்சு, சரியான திருப்பம். அந்த நடையைக் கவனித்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

அணியில் எல்லோரும் எப்போதும் ஒருவர் குரல் ஒருவருக்கு எட்டும் தொலைவில் இருக்க வேண்டும், ஒவ்வொரு குறியையும் நால்வரும் சேர்ந்தே நெருங்க வேண்டும் என்பது விதி. ஆகவே அணியின் வேகம் என்பது அந்த நேரத்தில் மெதுவாக இருப்பவரின் வேகம். அவரை வேகப்படுத்த ஒரே வழி அவருடைய சுமையைக் குறைப்பது. "பையைக் கொடுங்கள்" என்று இரவில் கேட்டால் மானமுள்ள எவரும் கொடுக்க மாட்டார். அதனால் எங்களுக்குள் முன்கூட்டியே ஓர் ஒப்பந்தம்: பின்தங்குபவரின் தண்ணீரும் கனத்த பொருள்களும் கேள்வியின்றி மற்றவர் பைக்குப் போகும். இதில் சலுகை என்ற பேச்சே இல்லை. அடுத்த மலையில் அது என்னுடைய பையாக இருக்கலாம்.

வரைபடம் கைக்கு வந்த பின்

பந்தயம் தொடங்க இரண்டு மூன்று மணி நேரம் முன்பு வரைபடத்தைத் தருவார்கள். வெற்றியின் பெரும்பகுதி இந்த நேரத்தில்தான் தீர்மானமாகிறது என்பது என் நம்பிக்கை. பெரிய மேசை, வண்ணப் பேனாக்கள், நூல், வரைபடத்தின் மேல் ஒட்ட ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். வரைபடத்தின் அளவு 1:25,000 என்றால் 4 சென்டிமீட்டர் நூல் ஒரு கிலோமீட்டர். குறியிலிருந்து குறிக்கு நூலை வளைத்துப் பிடித்தால் மொத்தத் தொலைவு உடனே தெரிந்துவிடும்.

குறியின் எண்ணிலேயே அதன் மதிப்பு இருப்பது இங்குள்ள வழக்கம். எண் 87 என்றால் 80 புள்ளி, 34 என்றால் 30. அதிகப் புள்ளிகள் குவிந்திருக்கும் பகுதிகளை முதலில் வட்டமிடுங்கள். அடுத்து, பலரும் கடைசிக்கு விட்டுவிடும் வேலையை முதலில் செய்யுங்கள்: சூரியன் மறையும் நேரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். இருட்டு நேரத்துக்கு மண்பாதைகளும் வேலிகளும் தெளிவான ஓடைகளும் நிறைந்த பகுதி நல்லது. புதர் அடர்ந்த, மேடு பள்ளம் பிடிபடாத பகுதியை வெளிச்சத்தில் முடித்துவிட வேண்டும். நிலவு உதிக்கும் நேரம் தெரிந்திருந்தால் திறந்த புல்வெளிகளை அந்த நேரத்துக்கு ஒதுக்கலாம்.

நேரக் கணக்குக்கு ஒரு பழைய சூத்திரம் போதும். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் வகுத்தது: சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இது நல்ல பாதையில் பகலில் நடப்பவருக்கான கணக்கு. பாதை இல்லாத காட்டில், இரவில், குறிகளைத் தேடி நடக்கும் எங்கள் அணி மணிக்கு 2 முதல் 3 கிலோமீட்டர் என்றுதான் திட்டமிடுகிறது.

திட்டத்தில் குறைந்தது மூன்று இடங்களில் கிளைவழி இருக்கட்டும். நேரம் மிஞ்சினால் சேர்த்துக்கொள்ளும் குறிகள், நேரம் போதாவிட்டால் முகாமுக்குத் திரும்பும் குறுக்குவழி, இரண்டையும் வேறு வேறு நிறத்தில் வரையுங்கள். ஒவ்வொரு கிளையின் அருகிலும் ஒரு மணி எழுதுங்கள்: "இங்கே இரவு 9.30க்குள் வந்தால் மேற்கே, பிந்தினால் நேரே." இரவில் அந்த இடத்துக்கு வரும்போது விவாதம் இருக்காது. கைக்கடிகாரத்தைப் பார்ப்பது மட்டுமே வேலை.

இருட்டில் வழி

தலைவிளக்கின் ஒளி எட்டும் வட்டம்தான் இரவின் உலகம். பகலில் மலையின் வடிவத்தைக் கண்ணால் பார்த்துச் செல்லலாம். இரவில் அதைக் காலால் உணர வேண்டும். ஏறுகிறோமா, இறங்குகிறோமா, சரிவு இடப்பக்கமா வலப்பக்கமா என்று பாதம் தரும் செய்தியை வரைபடத்தின் சம உயரக் கோடுகளோடு ஒப்பிட்டுக்கொண்டே நடப்பதுதான் இந்தக் கலையின் உயிர். பழகினால் கண்ணை விடக் கால் நம்பகமானது.

குறியை நேராகத் தேடிப் போகாதீர்கள். அதன் அருகில், தவறவே விட முடியாத ஓர் இடத்தை முதலில் பிடியுங்கள்: பாதைகள் பிரியும் இடம், ஓடை வேலியைக் கடக்கும் இடம், கால்நடைகளுக்காக வெட்டிய குட்டை. அதுவரை வேகமாக நடக்கலாம். அங்கிருந்து திசைகாட்டியில் கோணம் வைத்து, அடிகளை எண்ணி, மெதுவாகக் குறியை நோக்கிப் போங்கள். உங்களுக்கு 100 மீட்டருக்கு எத்தனை அடி என்பதை வீட்டருகே அளந்து வைத்திருங்கள். மேட்டிலும் புதரிலும் அது கூடும் என்பதையும் சேர்த்துப் பழகுங்கள்.

ஓடையோரம் இருக்கும் குறிக்கு நேரே குறிவைத்துப் போய் ஓடையை அடைந்தால், குறி இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாது. அதற்குப் பதில் வேண்டுமென்றே சற்று இடப்பக்கமாகப் போங்கள். ஓடை வந்ததும் வலப்பக்கம் திரும்பினால் போதும், சந்தேகமே எழாது. அதுபோல, "எது வந்தால் தாண்டிவிட்டோம் என்று பொருள்" என்பதையும் கிளம்பும் முன்பே சொல்லிக்கொள்ளுங்கள். குறிக்கு அப்பால் ஒரு வேலி இருந்தால், வேலியைத் தொட்ட நொடியே திரும்ப வேண்டும்.

கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் எவ்வளவு நேரம் தேடுவது? எங்கள் அணியில் 15 நிமிடம். அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட இல்லை. 15 நிமிடம் ஆனதும், கடைசியாக உறுதியாக அறிந்த இடத்துக்குத் திரும்பி ஒருமுறை மட்டும் மறுபடி வருவோம். அதிலும் கிடைக்காவிட்டால் அந்தக் குறியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவோம். ஒரு முறை சேணம் போன்ற ஒரு தாழ்விடத்தில் இரண்டு கருத்துகள் மோதின. தம்பி கிழக்கு என்றான், அக்கா இன்னும் தெற்கே போக வேண்டும் என்றார். விதி தெளிவாக இருந்ததால் யாரும் யாரையும் வெல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. பாதைச் சந்திக்குத் திரும்பினோம், அடி எண்ணி வந்தோம், குறி ஒரு மரக்கட்டையின் பின்னால் தொங்கியது. யார் சொன்னது சரி என்று அதற்குப் பின் எவரும் கேட்கவில்லை.

கருவிகள் பற்றி இரண்டு சொல். காந்த ஊசிகளைப் பூமியின் பகுதிக்கேற்பச் சமன்செய்து தயாரிக்கிறார்கள். வடகோளத்துக்காகச் செய்த திசைகாட்டியின் ஊசி ஆஸ்திரேலியாவில் ஒருபக்கம் சாய்ந்து உரசும். இந்தியாவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ கொண்டுவந்ததை நம்பாமல் இங்கே வாங்குங்கள். அடுத்து, குளிரில் மின்கலம் சீக்கிரம் தளரும். மாற்று மின்கலத்தை உடம்போடு ஒட்டிய உள்பையில் வையுங்கள். இருட்டில் மின்கலம் மாற்றும்போது, மாற்றுபவருக்கு இன்னொருவர் ஒளி காட்ட வேண்டும் என்பதையும் வழக்கமாக்குங்கள்.

இரவுக் காட்டைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. புல்வெளியில் தலைவிளக்கு படும்போது பனித்துளி போலப் பச்சையும் நீலமுமாக ஆயிரம் புள்ளிகள் மின்னும். அவை ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள். திடீரென்று புதர் முறிய ஏதோ ஓடினால் அது கங்காரு. பன்றி உறுமுவது போல மரத்தின் மேலிருந்து கேட்டால் அது கோவாலா. முதன்முதலாக வருபவர்களுக்கு இவற்றை முகாமிலேயே சொல்லிவிடுங்கள், பாதிப் பயம் அங்கேயே போய்விடும். பாம்புக்கடிக்காக அகலமான அழுத்தக் கட்டுத்துணி ஒவ்வொருவர் பையிலும் இருக்கட்டும். ஆஸ்திரேலியப் பாம்புகளுக்குக் கடிபட்ட கை அல்லது கால் முழுவதையும் இறுக்கிக் கட்டி அசையாமல் வைப்பதுதான் முதலுதவி. அதைக் கட்டும் முறையை வீட்டில் ஒருவர் மேல் ஒருவர் கட்டிப் பழகுங்கள்.

இளையவர் முதலில் பேசட்டும்

தமிழர்களாகிய நமக்கு இந்தப் பகுதி மிக முக்கியம் என்று நினைக்கிறேன். மூத்தவர் சொல்லைத் தட்டக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். வீட்டில் அது அழகு. காட்டில் இரவு இரண்டு மணிக்கு, வரைபடம் மூத்தவர் கையில் இருக்க, பின்னால் வரும் இளையவன் "நாம் ஓடையைத் தாண்டிவிட்டோமே" என்று மனதுக்குள் நினைத்துப் பேசாமல் நடந்தால், நால்வரும் அந்த மௌனத்துக்கு ஒரு மணி நேரத்தை விலையாகக் கொடுக்க நேரும்.

எங்கள் அணியில் இதற்கு வழி கண்டவர் அண்ணை. சந்தேகம் வந்தால் எல்லோரும் நிற்போம். வரைபடத்தைத் தரையில் விரிப்போம். அவர் தம் கருத்தைச் சொல்லவே மாட்டார்.

"தம்பி, நீ முதல் சொல்லு. இப்ப நாங்கள் எங்க நிக்கிறம்?"

தம்பி விரலால் ஓர் இடத்தைத் தொடுவான். "இங்க அண்ணை. ஏறி வந்தது குறைவு. அந்த முகட்டுக்கு நாம இன்னும் வரலை."

"சரி. அக்கா, நீங்கள்?"

கடைசியாகத்தான் அண்ணை பேசுவார். இளையவர் தொடங்கி மூத்தவரில் முடியும் இந்த வரிசையால் மரியாதை குறைவதில்லை. மூத்தவரே முறையாக அழைத்துக் கேட்பதால், பேசாமல் இருப்பதுதான் மரியாதைக் குறைவாகிவிடுகிறது. அலுவலகங்களிலும் குடும்பங்களிலும்கூட இது பலன் தரும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

"நில்" என்று சொல்லும் உரிமை நால்வருக்கும் சமம். காரணம் சொல்லத் தேவையில்லை. வரைபடம் பிடிப்பவர் தலைக்குள் வைத்துக்கொள்ளாமல் உரக்கச் சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும்: "இன்னும் 400 மீட்டர். ஓடை வலப்பக்கம் வரணும். வேலி வந்தா தாண்டிட்டோம்." கேட்கும் மூவரும் சாட்சிகள் ஆகிறார்கள். அவர் சொன்ன ஓடை வராதபோது யாராவது ஒருவருக்காவது உறைக்கும்.

வேலைகளையும் பங்கிடுங்கள். ஒருவர் வரைபடம், ஒருவர் அவரைச் சரிபார்ப்பவர், ஒருவர் முன்னால் பார்த்து நடப்பவர், ஒருவர் நேரத்துக்கும் உணவுக்கும் பொறுப்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பொறுப்புகளை மாற்றுங்கள். வரைபடத்தை உற்றுப் பார்ப்பவர் தாம் களைத்திருப்பதைத் தாமே உணர மாட்டார். அதனால் மாற்றும் நேரத்தைக் கடிகாரம் தீர்மானிக்கட்டும்.

வயிறு, பாதம், குளிர்

பசித்த பின் சாப்பிடுவது இரவில் உதவாது. மணிக்கு ஒருமுறை, பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கையளவு உணவு. பகலில் கடலைமிட்டாயும் எள்ளுருண்டையும் வாழைப்பழமும் நன்றாகப் போகும். நள்ளிரவுக்குப் பின் இனிப்பைக் கண்டாலே குமட்டும். அந்த நேரத்துக்கு அக்கா சிறு பைகளில் அடைத்துக் கொண்டுவரும் புளிச்சாதத்துக்கு இணை நான் கண்டதில்லை. உப்பு, புளிப்பு, எண்ணெய், மாவுச்சத்து எல்லாம் ஒன்றாக இருக்கின்றன, குளிரில் கெடுவதும் இல்லை. குமட்டலுக்கு இஞ்சி மரப்பா. தண்ணீர் வைத்திருக்கும் இடங்கள் வரைபடத்தில் குறித்திருக்கும். அடுத்த இடம் வரை எவ்வளவு தேவை என்று கணக்கிட்டு நிரப்புங்கள், தேவைக்கு மேல் சுமக்காதீர்கள்.

நடு முகாமில் இரவு முழுவதும் சூடான உணவு கிடைக்கும். ஹாஷ் ஹவுஸ் என்பார்கள். சூப்பின் மணமும் நெருப்பின் வெப்பமும் உள்ள இடத்திலிருந்து எழுந்து மறுபடி இருட்டுக்குள் போவது கடினம். போவதாக இருந்தால் 30 நிமிடம் என்று முதலிலேயே முடிவு செய்து, நேரக் காவலர் எழுந்ததும் எல்லோரும் எழ வேண்டும். அந்த அரை மணியில் சாப்பாடு, காலுறை மாற்றுதல், மின்கலம், வெந்நீர் எல்லாம் முடியட்டும்.

பாதத்தில் ஓர் இடம் சுடுவதுபோலத் தோன்றிய நொடியே நின்று பட்டி ஒட்டுங்கள். அப்போது ஐந்து நிமிட வேலை. கொப்புளமாகிவிட்டால் மீதி இரவு முழுவதும் அதன் வேகத்தில்தான் அணி நடக்கும். கம்பளி நூல் காலுறை, முழங்கால் வரை மூடும் காலுறை உறை, விரல்களுக்கு இடையில் வாசலின் மூன்றும் அவசியம். புல் விதைகள் காலுறைக்குள் நுழைந்து குத்துவதை அந்த உறை ஒன்றே தடுக்கும்.

விக்டோரியாவில் கோடை காட்டுத்தீக் காலம். நீண்ட போட்டிகள் பெரும்பாலும் குளிர்ந்த மாதங்களிலேயே நடக்கும். மலைப்பகுதியில் இரவு வெப்பம் உறைநிலையை நெருங்கலாம். ஏறும்போது மேலாடையைக் கழற்றுங்கள், நிற்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வியர்வையில் நனைந்து நிற்பவர் விரைவில் நடுங்குவார். நடுக்கம், நாக்குக் குழறல், பையின் பிணைப்பைக் கழற்ற முடியாமல் விரல் தடுமாறுதல் ஆகியவை குளிர் உடலுக்குள் இறங்குவதன் அறிகுறிகள். இந்த நிலைக்கு ஆளானவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார். அதனால் முடிவு மற்ற மூவருடையது: நின்று, உலர்ந்த உடை, சூடான பானம், உணவு, பிறகு முகாமுக்கு மிக எளிய வழி. புள்ளிகளைப் பற்றிய பேச்சே வேண்டாம்.

மூன்று மணி முதல் ஐந்து மணி வரை

உடலின் வெப்பம் மிகக் குறைந்திருப்பதும் உறக்கம் மிக அழுத்துவதும் விடியலுக்கு முந்தைய இந்த நேரத்தில்தான். திட்டத்தின் மிக எளிய பகுதியை இங்கே வையுங்கள்: அகலமான மண்பாதை, பெரிய குறிகள், குறைந்த ஏற்றம். யாராவது நடந்துகொண்டே கண் செருகினால் 20 நிமிடத் தூக்கம் நல்ல மருந்து. மூவர் படுக்க, ஒருவர் கடிகாரத்தோடு விழித்திருக்க வேண்டும். எல்லா உடைகளையும் போட்டுக்கொண்டு, அவசரப் போர்வைக்குள் நெருங்கிப் படுங்கள். எழுந்ததும் ஏதேனும் சாப்பிட்டு, வரைபடத்தைத் தொடும் முன் ஐந்து நிமிடம் நடங்கள்.

இந்த நேரத்தில் பந்தயத்தை விட்டுவிடலாமா என்ற பேச்சு நிச்சயம் வரும். எங்கள் விதி: காயமோ நோயோ குளிரோ இல்லாவிட்டால், விலகுவது பற்றி வெளிச்சம் வரும்வரை பேசக் கூடாது. கிழக்கு வெளுத்து, மேக்பைப் பறவைகள் கூவத் தொடங்கியதும் அந்தப் பேச்சு தானாகவே கரைந்துபோவதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறோம்.

காலை வெளிச்சத்தின் மயக்கம்

விடிந்ததும் புதுப் பலம் வந்ததுபோல இருக்கும். இன்னும் இரண்டு குறிகள், இன்னும் மூன்று என்று மனம் ஆசைப்படும். இங்கேதான் பல நல்ல அணிகள் சேர்த்ததை இழக்கின்றன. நண்பகலுக்குப் பிந்தும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 10 புள்ளிகள் கழிப்பது இங்குள்ள வழக்கம். 30 நிமிடத்துக்கு மேல் பிந்தினால் மொத்தப் புள்ளிகளும் போய்விடும். கண்ணுக்கு வெளிச்சம் வந்துவிட்டாலும் மூளை இன்னும் உறங்காத மூளைதான், கால்களும் பகலும் இரவும் நடந்தவைதான். கடைசி இரண்டு மணி நேரத்தை முகாமைச் சுற்றியுள்ள சிறு குறிகளுக்கு ஒதுக்குங்கள். எந்த இடத்திலிருந்தும் 30 நிமிடத்தில் திரும்பிவிட முடிய வேண்டும். கடைசி அரை மணியைத் திட்டத்தில் சேர்க்கவே வேண்டாம்.

கிளம்பும் முன் எழுத வேண்டிய தாள்

நண்பகல் மணி அடிக்கும் முன், வரைபடத்தின் பின்புறத்தில் இந்தக் கேள்விகளுக்கு நால்வரும் சேர்ந்து பதில் எழுதிக் கையொப்பம் இடுங்கள்:

- சூரியன் மறையும்போது எங்கே இருப்போம்?
- ஒரு குறியை எவ்வளவு நேரம் தேடுவோம்?
- ஒவ்வொரு கிளைவழியிலும் எந்த மணிக்குத் திரும்புவோம்?
- வரைபடம் எந்தெந்த மணிக்குக் கை மாறும்?
- முகாமுக்குப் போனால் எத்தனை நிமிடம்?
- எந்தக் காரணங்களுக்காக மட்டும் பந்தயத்தை விடுவோம்?
- வீட்டுக்குக் கார் ஓட்டப்போவது யார், அதற்கு முன் அவர் எங்கே, எவ்வளவு நேரம் தூங்குவார்?

கடைசிக் கேள்வியை யாரும் விட்டுவிடாதீர்கள். பந்தயம் முடிந்த மகிழ்ச்சியில், பாராட்டும் சாப்பாடும் முடிந்து, திங்கட்கிழமை வேலையை நினைத்துக் கிளம்பத் தோன்றும். டாசனும் ரீடும் காட்டிய கணக்கு அப்போது முழு உண்மையாகிவிட்டிருக்கும், உங்கள் அணியில் ஒருவர்கூட ஓட்டுவதற்குத் தகுதியானவர் இல்லை. காட்டில் ஓர் இரவு முழுவதும் ஒருவரை ஒருவர் காத்த நால்வர் நெடுஞ்சாலையில் அந்தக் காவலை விடக் கூடாது. கூடாரத்தை முதல்நாளே அடித்து வைத்திருங்கள். நால்வரும் படுத்து, நன்றாகத் தூங்கி எழுந்து, பிறகு வண்டியை எடுங்கள். பரிசு பெற்ற அணியும் கடைசியாக வந்த அணியும் ஒரே கவனத்தோடு செய்ய வேண்டிய வேலை அது.